நாலாவது காம்பராவில் யார் இருந்தார்கள்?

பதுளைக்குப் பழையதைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட எங்களிடம் நிறையவே இருக்கிறது. முத்தியங்கனை விகாரை, கதிர்காம தேவாலயம், வெள்ளைக்காரன் காலத்து எண்கோண வெலேகடைச் சந்தை, 1924இல் மலைநாட்டு ரயில் பாதை வந்து முடிந்த ஸ்டேஷன். புனித மாற்கு ஆலயம் மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர், ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுபவர், 1845இல் அப்புத்தளையில் மின்னல் விழுந்து செத்தவர். எல்ல பக்கம் போனால் 1921ஆம் ஆண்டின் ஒன்பது வளைவுப் பாலம். அப்புத்தளையில் வில்லியர்ஸ் துரை 1931இல் கட்டிய அடிசம் பங்களா, இப்போது துறவிகள் மடம், ஸ்ட்ரோபெரி ஜாமும் விற்கிறார்கள். தம்பேதென்னையில் லிப்டன் 1890இல் எழுப்பிய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. அதற்கு மேலே அவர் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்ததாகச் சொல்லும் இடம். அங்கே ஏறுகிற பாதையில் இரண்டு பக்கமும் லயங்கள்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். சுற்றுலாக்காரர்களை ஏற்றிய ஆட்டோக்கள் அவற்றின் வாசலை உரசிக்கொண்டு போகும்.

இந்தப் பட்டியலை நான் குறை சொல்ல வரவில்லை. எங்கள் கூட்டமே இதில்தான் தொடங்கியது. பஸார் வீதியில் ஒரு ஸ்டூடியோ மாடியில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கூடுவோம். பதிவு செய்த சங்கம் இல்லை. தலைவர், பொருளாளர் என்று யாரும் இல்லை, அதனால் சண்டையும் குறைவு. ஸ்டூடியோக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர், உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகள் சிலர், ஹாலிஎலப் பக்கத்துச் சிங்கள நில அளவையாளர் ஒருவர், பிறகு நான். நான் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, பள்ளிக்கூட வாத்தியாராகிப் பதுளைக்கு வந்தவன். அளவையாளரை நாங்கள் சேவேயர் மாத்தயா என்போம். அவர் எங்கள் எல்லாரையும்விட நல்ல தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார்.

அப்போது எங்கள் கவலையெல்லாம் நகரத்தின் கடைகள்தான். பழைய பலகைக் கதவுகளைக் கழற்றி வீசிவிட்டு ரோலர் ஷட்டர் போடுகிற காலம். முகப்பை விட்டுவிட்டு உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று முதலாளிமாரிடம் போய்க் கெஞ்சுவோம். பெரும்பாலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருவர் மட்டும் தன் தகப்பனார் எழுதுவித்த தமிழ்ப் பெயர்ப் பலகையைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை மாட்டினார். அதை வெற்றி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தோட்டத்துப் பக்கம் எங்கள் பார்வை போகவில்லை. நான் உட்பட. லயத்தில் பிறந்தவனுக்கு லயம் பழைமைச் சின்னமாகத் தோன்றாது. அதை விட்டு வெளியேறுவதற்குத்தானே படித்தோம்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரம். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த தோட்டத்து லயங்களின் மேல் மலை இறங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட வீடுகள், கோயில், எல்லாம் சேற்றுக்குள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது காகிதத்தில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு இடம் காட்டாமல் போ என்றால் எங்கே போவது?

நான் அங்கே போனது சோற்றுப் பார்சல்களும் படங்குகளும் ஏற்றிய லொறியில். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடங்களில் சனம் நிரம்பிக் கிடந்தது. முதல் நாட்களில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. செத்தவர்கள் நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறுக்கு மேல் என்றும் வானொலி சொன்னது. கடைசியில் அரசாங்கக் கணக்கு நாற்பதுக்குள் வந்து நின்றது. இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது என்று வெளியே இருப்பவர்கள் கேட்டார்கள். லயத்தில் யார் இருக்கிறார், யார் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், யார் மத்திய கிழக்கில், எந்தக் காம்பராவில் இரண்டு குடும்பம் என்பதெல்லாம் அங்கே இருந்த ஆட்களின் தலைக்குள் இருந்த கணக்கு. செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் பதிந்தவனுக்குத்தான் தோட்டத்துக் கணக்கில் இடம். மற்றவர்களின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டிகள் சேற்றுக்குள் போயின.

ஒரு காகிதம் போனால் என்ன என்று மற்ற ஊர்களில் கேட்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றுப் போன சனங்களின் பேரப்பிள்ளைகளிடம் கேட்க முடியாது. எங்கள் வீடுகளில் தங்க நகையைக்கூட அடகுக் கடையில் வைப்பார்கள். பிரஜாவுரிமைச் சான்றிதழை மட்டும் சாமி படத்துக்குப் பின்னாலோ பெட்டியின் அடியிலோ வைத்து வெளியே எடுக்கவே மாட்டார்கள். என் தகப்பனார் சாகும்வரை தன் சான்றிதழை யாருக்கும் கையில் கொடுத்ததில்லை. போட்டோ கொப்பி எடுக்கவும் கூடவே வந்து, கடைக்காரன் மெஷினில் வைத்து எடுக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.

தப்பியவர்களைப் பிறகு மாகல்தெனியவில் ஒரு பழைய ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்து வாட்டுகிற நீண்ட மாடிகளில் பலகை, தகரம், துணி கொண்டு தடுத்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டு. சில மாதங்கள் என்று சொன்னது ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எங்கள் கூட்டத்தில் சிலர் ஞாயிறுகளில் அங்கே போக ஆரம்பித்தோம். பழைய கட்டடங்கள் பற்றிய நினைப்பே அப்போது இல்லை.

படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் மலையையே வரைந்தார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் அவர்கள் கிரிக்கெட் வரைந்தார்கள், பஸ் வரைந்தார்கள். ஒரு பொடியன் மட்டும் தன் லயத்தை வரைந்தான். நேர்கோடு ஒன்று, அதில் கதவுகள், கதவுக்கு மேலே பேர்கள். அவனுடைய தாத்தா பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “அடே, பீலி இந்தப் பக்கமாடா இருந்துச்சு?” என்று பென்சிலை வாங்கினார். பிறகு அவர் பக்கத்தில் இன்னொருவர். சாயத்தண்ணி ஆறிப்போகுமளவுக்கு வாக்குவாதம். யாருடைய இஸ்தோப்பு எவ்வளவு நீட்டிக் கட்டியது, எந்த மூலையில் கோழிக்கூடு, பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற படி எத்தனை, மாரியம்மன் கோயிலுக்கும் லயத்துக்கும் இடையில் எத்தனை பலாமரம். அந்தத் தாளில் இடம் போதவில்லை.

அடுத்த முறை சேவேயர் மாத்தயா பெரிய வரைபடத் தாள்களோடு வந்தார். அவரிடமிருந்த பழைய நில அளவைப் படத்தில் லயங்கள் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக இருந்தன. அதைப் பெருப்பித்துத் தரையில் விரித்தார். சனங்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கோட்டையும் பத்தடி பன்னிரண்டடிக் காம்பராக்களாகப் பிரித்து, இதில் யார், இதில் யார் என்று கேட்டு எழுதினோம். இரட்டை லயமென்றால் முதுகுக்கு முதுகு இரண்டு வரிசை. பின்பக்கத்துக்காரருக்குச் சூரியனும் இல்லை, காற்றும் இல்லை. எழுதியதை அன்றே வாசித்துக் காட்டுவோம். செத்தவர்களின் பேர் வந்த இடங்களில் ஒரு நிமிடம் நின்று, பிறகு யாராவது ஒரு பெண், “எழுதுங்க மாஸ்டர், எழுதுங்க” என்பார்.

அந்த வேலையில்தான் எங்கள் கூட்டம் திசை மாறியது. பஸார் வீதி அப்படியே கிடக்க, நாங்கள் தோட்டம் தோட்டமாக லயங்களை அளக்கப் போனோம். ஹல்துமுல்லை, அப்புத்தளை, பசறை, லுணுகலை. சேவேயர் மாத்தயா நாடா பிடிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், ஸ்டூடியோக்காரர் படம் எடுப்பார். சுவரின் கல், சுண்ணாம்பு, கூரைத் தகரத்தில் பொறித்திருக்கும் முத்திரை, அடுப்புப் புகை குடித்துக் கறுத்த வளைமரம் எல்லாவற்றையும். கோயில் மணிகளில் கொடுத்தவரின் பேரும் ஊரும் இருக்கும். திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள். வீட்டில் எந்தத் தாத்தாவும் சொல்லாத சொந்த ஊர் சிலருக்கு அந்த மணியில்தான் கிடைத்தது. பழைய ஸ்டோர் ஒன்றின் பக்கத்தில் ரோதைமுனிக்கு நட்ட கல்லைப் படமெடுத்தோம். யந்திரம் கையையோ காலையோ இழுத்துவிடாமல் காக்கிற சாமி. ஸ்டோர் மூடிப் பல காலமாகியும் யாரோ பூ வைத்திருந்தார்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்றைச் சட்டப்படி காப்பாற்ற முடியாதா என்று பிள்ளைகள் கேட்டபோது தபால் அதிபர் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தை எடுத்துவந்து வாசித்தார். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதென்றால் அது தானாகவே புராதனச் சின்னம். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தின் திகதி அது. அதற்குப் பிந்திய கட்டடமென்றால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கோப்பிக்காக மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வரத் தொடங்கியது 1820களில். ஆகவே நாங்கள் இந்த நாட்டில் கட்டிய எதுவும், நட்ட எந்தக் கல்லும், அந்தத் திகதிக்கு இந்தப் பக்கம். யாரும் எங்களை நினைத்து அப்படி எழுதியிருக்கமாட்டார்கள். எழுதும்போது எங்களை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தபால் அதிபர் விண்ணப்பம் எழுதுவதில் வல்லவர். ஒரு பழைய லய வரிசையை அறிவிக்கக் கேட்டு அழகான கையெழுத்தில் எழுதி, அலுவலகமொன்றில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியும் வாங்கிவந்தார். பதில் வரவில்லை. ஆனால் பதில் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த லயத்து ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை.

அதை எங்களிடம் நேராகச் சொன்னது ஓர் ஆச்சி. ஐம்பது வருடம் கொழுந்தெடுத்த கை. நாங்கள் நாடா பிடித்துக்கொண்டிருந்தபோது இஸ்தோப்பில் வெற்றிலை இடித்தபடி கேட்டார்: “எதுக்கு மாஸ்டர் இத அளக்குறீங்க? புது வீட்டுக்கா?” இல்லை ஆச்சி, இந்த லயத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கேட்கப் போகிறோம் என்றேன். அவர் இடிப்பதை நிறுத்தினார். “ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்புடி ஏதும் செஞ்சிறாதீங்க. ஏழு பேர்ச் காணி தாறோம்னு இப்பதான் சொல்லியிருக்காங்க. நீங்க போயி இத வச்சிருங்கன்னு சொன்னா, நாங்களும் இதுக்குள்ளயேதான் கெடக்கணும்.”

அன்று பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்டூடியோ மாடியில் பெரிய சண்டை. லயம் என்பது அடிமைத்தனத்தின் கட்டடம், இடித்துத் தரைமட்டமாக்கினால்தான் நல்லது என்றது ஒரு பக்கம். இடித்துவிட்டால் அடிமைத்தனம் நடந்ததற்கு எது சாட்சி, பங்களா மட்டும் மிஞ்சினால் நாளைக்குப் பிள்ளைகள் பங்களாவைப் பார்த்துத்தான் வரலாறு படிப்பார்கள் என்றது மறுபக்கம். சேவேயர் மாத்தயா சிங்களத்துக்குப் போய்விட்டார். நான் ஆச்சியின் பக்கம். குடியிருப்பவர் வேண்டாம் என்கிற வீட்டை வெளியாள் பாதுகாக்கக் கூடாது. பிற்பாடு எல்லாரும் ஒத்துக்கொண்டது, ஆட்கள் வெளியேறிய லயங்களை மட்டும் கேட்பது, மற்றவற்றை அளந்து படமெடுத்து எழுதி வைப்பது என்று. அதையும் மனதோடு ஒத்துக்கொண்டவர்கள் பாதிப் பேர்தான்.

கம்பளைக்குப் பக்கத்தில் அப்படிச் செய்திருக்கிறார்கள். பி. முத்துலிங்கத்தின் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியது. மாகல்தெனியக்காரர் சிலரையும் கூட்டிக்கொண்டு வேன் பிடித்துப் போனோம். கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அம்மி, குழவி, தப்பு, பழைய துண்டுச் சீட்டுகள், கடிதங்கள். எங்களோடு வந்த அம்மா ஒருவர் கண்ணாடிக்குள் இருந்த சட்டியைப் பார்த்துவிட்டு, “இதுல நேத்துத்தான் சோறு ஆக்குனேன்” என்றார். எல்லாரும் சிரித்தோம். வெளியே வந்து பீலியடியில் நின்றபோது அவரே சொன்னார், அந்தக் காம்பராவில் ஆள் இல்லாதது நல்லா இருக்கு என்று. வெறுமையாக இருப்பதால்தான் பார்க்க முடிகிறது என்பதுபோல.

காகிதங்களின் விஷயத்தில் எங்களுக்கு யாரோடும் சண்டை வரவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் தன்னார்வலர்கள் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பழைய ஸ்கேனரும் மடிக்கணினியும் கொண்டு தோட்டங்களுக்குப் போய், கோயில் மண்டபத்தில் வைத்து, சான்றிதழ்களைக் கொண்டுவருகிறவர்களுக்கு முன்னாலேயே பிரதி எடுத்து மூலத்தை உடனே கையில் கொடுத்துவிடுவோம். முதலில் யாரும் வரவில்லை. என் தகப்பனாரைப் போல எல்லாருக்கும் பயம். மீரியபெத்தவிலிருந்து தப்பிய ஒருவரைக் கூட்டிப்போய் பேசவைத்த பிறகு வரிசை நின்றது. அவர் அதிகம் பேசவுமில்லை. தன்னுடைய அடையாள அட்டையைத் திரும்ப எடுக்க எந்தெந்தக் கந்தோரில் எத்தனை தரம் நின்றார் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

2016 ஒக்டோபரில் மாகல்தெனியவில் 75 வீடுகளைக் கையளித்தார்கள். தனித்தனி வீடு, முன்னால் கொஞ்சம் நிலம். இப்போது அங்கே போனால் வாசலில் ரோசாச் செடி, சுவரில் டிஷ் அன்டெனா. யாருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போக ஆசையில்லை. ஆனால் வரைபடத் தாள்களைக் கொண்டு வா என்று கேட்பார்கள். வருடாந்த நினைவு நாளில் அவற்றை மண்டபத்தில் விரித்துவைப்போம். இளசுகள் வந்து தங்கள் அப்பாயியின் காம்பராவைத் தேடுவார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் வந்த வழியே, மலையகம் இருநூறு என்று நடந்தார்களே, அதில் போய்வந்த பிள்ளை ஒருத்தி இப்போது எங்கள் கூட்டத்தில் முக்கியமான ஆள். நான் கைவைத்தியம் மாதிரிச் செய்த கொப்பிக் குறிப்புகளை எல்லாம் அவள்தான் கணினியில் ஏற்றுகிறாள், என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே.

அவள் ஏற்றும்போதுதான் ஒரு லயத்தின் நாலாவது காம்பராவில் பேர் இல்லாததைக் கண்டுபிடித்தாள். அந்த நேரம் எழுதாமல் விட்டது வேண்டுமென்றே. இரண்டு ஆச்சிமார் அதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் சொன்னது: அது கங்காணியின் தங்கச்சி குடும்பம், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூருக்குப் போனார்கள். மற்றவர் சொன்னது: கூடலூர்க்காரர் இருந்தது மூணாவது, நாலாவதில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுகிற ஆள் இருந்தார், அவர் போன பிறகு அது உரமூட்டை போடுகிற காம்பரா. 1964இன் அந்த ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது; எங்கள் தாள்களில் இப்படி எத்தனையோ காம்பராக்கள் அதனால் கைமாறியிருக்கின்றன. கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் நம்பரை உறவுக்காரர் மூலம் தேடிப்பிடித்து வாட்ஸப்பில் கேட்டோம். அவருக்கு நல்ல ஞாபகம். அஞ்சாவது காம்பரா என்றார், பக்கத்தில் கொய்யா மரம் இருந்தது என்றார்.

கொய்யா மரம் லயத்தின் எந்த முனையில் இருந்தது என்பதில் ஆச்சிமார் இருவருக்கும் ஒரே கருத்து: அந்த லயத்தில் கொய்யா மரமே இல்லை. பிள்ளை மூன்று பதிலையும் மூன்று நிறத்தில் தட்டெழுதி வைத்திருக்கிறாள். ரதி வேஷக்காரரின் மகன் பசறைப் பக்கம் கடை வைத்திருக்கிறாராம், தைப்பொங்கலுக்குப் பிறகு போய்க் கேட்க வேண்டும்.